எட்டு டிகிரி வசந்தம்

அத்தியாயம் 7

கதவு சாத்திக்கொண்ட சத்தம் ஒன்றும் பெரிதில்லை. வீட்டு ஃபிரிட்ஜை மூடும்போது வருகிற அதே 'பொத்'. ஆனால் அதை வெளியே நின்று கேட்பது வேறு, உள்ளே நின்று கேட்பது வேறு என்பது அன்று மதியம் இரண்டு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"தபரேஸ், தள்ளிப் பாரு," என்றார் மோகனாக்கா.

தள்ளினேன். தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். நான்கு அங்குலத் தடிமன் கதவு என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

"யாரோ வெளிய பூட்டிட்டாங்க போல," என்றார் எங்களுக்குப் பின்னால் நின்ற பூவரசன். இந்தக் குளிர் அறைக்குப் பொறுப்பானவர். எங்களை உள்ளே அழைத்து வந்தவரும் அவர்தான்.

"போலவா? இன்னா சார், இன்னும் சந்தேகமா? எனக்கு காது மடல் மரத்துப் போச்சு," என்றேன்.

வெளியே கத்திரி வெயில், நாற்பத்தோரு டிகிரி. உள்ளே, சுவரில் சிவப்பாக எரிந்த எண்ணின்படி, எட்டு. இந்தத் தோல் பதனிடும் டேனரியின் கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்ததில் வேர்வையில் ஊறிப்போன சட்டை இப்போது முதுகில் சில்லென்று ஒட்டிக்கொண்டது. எனக்குக் குளிர் ஆகாது. மூடிய இடம் அதைவிட ஆகாது. இரண்டும் சேர்ந்தால் என் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

மோகனாக்கா பதறவில்லை. அவர் பதறி நான் பார்த்ததே கிடையாது. இருபது வருடம் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி மேஜையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு ஜோடியையும் இடது வலது ஒப்பிட்டு, சேராததை ஒதுக்கித் தள்ளியவர். அந்தக் கண்ணை நம்பித்தான் பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அங்கே நான் டிரைவர், கிளார்க், அப்புறம் அவர் சொல்கிறபடி 'வாய்'.

"போன்ல டவர் இருக்குதா?"

"ஒரு கோடுகூட இல்லக்கா. சுத்தி தகரம்."

"அந்தம்மாவுக்கு நேரம் கம்மி, தபரேஸ்."

அந்தம்மா என்றது கோவிந்தம்மாளை. இதே டேனரியில் தரை பெருக்குகிறவர், வீட்டில் தனி ஆள். திங்கட்கிழமை சாப்பிட்ட சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி, வயிற்று வலி. இன்று புதன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் படுத்துக்கொள்ள, பாதி நினைவில் கிடக்கிறார். "இன்னா சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த வைத்தியம் பண்றேன். தெரியலன்னா இருட்டுல கல்லெறியற கதைதான்," என்று டாக்டர் பாரதி காலையில் எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அவர் வீட்டில் போலீஸுக்குக் கிடைத்த ஒரே மருந்து யுனானி வைத்தியர் ஹக்கீம் மக்பூல் அகமது கொடுத்த மலச்சிக்கல் பொடி. உடனே விஷம் அதுதான் என்று முடிவு கட்டி, எழுபது வயது ஹக்கீமை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மகன்தான் எங்களைத் தேடி வந்தார். மோகனாக்கா ஸ்டேஷனுக்குப் போனார், பொட்டலங்களை எண்ணினார். ஹக்கீம் கொடுத்தது ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம். மேஜைமேல் இருந்ததும் ஏழு, கட்டின நூல்கூட அவிழவில்லை. "பிரிக்காத மருந்து எப்படி சார் வயித்துக்குள்ள போகும்?" என்று கேட்டதற்கு, லேப் ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்து கோவிந்தம்மாளின் அடுக்களை. குப்பைக் கூடையில் கட்டைவிரல் தடிமனில், சிவப்பும் பச்சையுமாக ஒரு தண்டு. பக்கத்து வீட்டுக்காரி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்து, "புளிச்சகீரைதான்" என்றார். எங்கள் பக்கத்தில் புளிச்சகீரை தெரியாத வீடு கிடையாது. இவ்வளவு பருத்த தண்டுள்ள புளிச்சகீரையும் கிடையாது. கோவிந்தம்மாள் போய் வருகிற ஒரே இடம் இந்த டேனரி. முதலாளி ரஷீத் அஹமதுக்கு கேட்டிலிருந்து ஆறு தடவை போன் அடித்தோம், கோவிந்தம்மாள் உயிர் விஷயம், அவர் வீட்டில் கிடைத்த தண்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மெசேஜும் போட்டோம். எடுக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு டெம்போ வந்தது. இருபது லிட்டர் கேன் தண்ணீர், மொத்தம் முப்பது கேன். எங்கே போகிறது என்றால் கோல்டு ரூமுக்கு என்றான் டிரைவர்.

"ஆளே இல்லாத ரூமுக்குள்ள யாருக்கு இவ்ளோ தாகம்?" என்று மோகனாக்கா வாட்ச்மேனிடம் கேட்ட மூன்றாவது நிமிடம், பூவரசன் ஓடிவந்து எங்களை மரியாதையாக உள்ளே கூட்டிப் போனார்.

தாகம் யாருக்கு என்பது இப்போது எதிரிலேயே தெரிந்தது. வெள்ளை டியூப் லைட்டுகளுக்குக் கீழே, பாதியாக அறுத்த கெமிக்கல் டிரம்களில், நாற்பது செடிகள். ஒவ்வொரு இலையும் ஒரு முறம் அகலம். தண்டு கட்டைவிரல் தடிமன், சிவப்பும் பச்சையும். கடைசி வரிசையில் பதினொரு டிரம்கள் மட்டும் காலி, மண் கிளறிக் கிடந்தது.

மோகனாக்கா பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த குப்பைக் கூடைத் தண்டை வெளியே எடுக்கவில்லை. பூவரசனைப் பார்த்து, "இது இன்னா செடி சார்?" என்றார்.

"வெளிநாட்டுப் புளிச்சகீரை மேடம்." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல வந்தது பதில்.

"கீரைக்கு யாருய்யா ஏசி போடுவாங்க? என் கல்யாண மண்டபத்துக்கே எங்க மாமனார் ஃபேன்தான் புக் பண்ணியிருக்காரு," என்றேன் நான்.

பூவரசனுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். பள்ளிகொண்டாக்காரர், விவசாயம் படித்தவர், முப்பது வயது இருக்கும். செடியைப் பற்றி யாரும் ஆசையாகக் கேட்காமல் வருடக்கணக்கில் கிடந்த மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது. மோகனாக்கா ஒரு இலையைத் தடவி, "நல்லா வளத்திருக்கீங்க," என்றதும் அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"இமயமலைல பத்தாயிரம் அடிக்கு மேல தானா முளைக்கிறது மேடம். யுனானிகாரங்க இது வேரை ரேவந்த் சீனின்னு சொல்லி, பொடி பண்ணி மலச்சிக்கலுக்குக் குடுப்பாங்க. வேர்தான் சரக்கு. அறுத்தா உள்ள மஞ்சளா இருக்கும். அந்தச் சாயத்துல தோலை முக்கினா தங்க நிறம். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி காட்டினா அதே தோல் செவந்துடும். ஒரே வேர், ரெண்டு கலரு. குரோம் இல்ல, கெமிக்கல் இல்ல. ஐரோப்பா பார்ட்டி இதுக்குத்தான் அலையறாங்க."

"இந்த ஊர்ல எப்படிங்க வந்துச்சு?" என்றார் மோகனாக்கா.

"முதல் மூணு தடவை மொத்தமா செத்துப் போச்சு. பாலாத்து போர் தண்ணி உப்பு, வேர் அழுகிடுச்சு. அப்புறம்தான் கேன் தண்ணிக்கு மாத்தினேன். நாலு மாசம் ரூமை நாலு டிகிரில வெப்பேன். பனிக்காலம்னு நம்பி இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கும். அப்புறம் எட்டுக்கு ஏத்துவேன். வசந்தம் வந்துடுச்சுன்னு நினைச்சு முளைக்கும். இப்படி மூணு வருஷம் ஏமாத்தினாதான் வேர் தேறும்."

"செடிகிட்டயும் பொய்யா சார்?" என்றேன்.

"வேரு மட்டும்தான் வேணும்னா, இவ்ளோ இலையையும் இன்னா பண்ணுவீங்க?" மோகனாக்கா சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"சுண்ணாம்புத் தொட்டியில போட்டு மூடிடணும் மேடம். தண்டு பரவால்ல, மலையில ஊறுகா போடுவாங்க. இலை விஷம். கிட்னியைக் கெடுத்துடும்."

ஹக்கீமின் பொடி இந்த வேர். கோவிந்தம்மாளின் குழம்பு இந்த இலை. ஒரே செடியின் நல்ல பாதி ஸ்டேஷனில் குற்றவாளியாக உட்கார்ந்திருக்க, கெட்ட பாதி ஆஸ்பத்திரியில் ஒரு உயிரைத் தின்றுகொண்டிருந்தது. டாக்டர் கேட்ட பதில் எங்கள் கையில் வந்துவிட்டது. சொல்லத்தான் வழியில்லை.

நான் மறுபடியும் கதவுமேல் பாய்ந்தேன். "யாராவது இருக்கீங்களா! ஹலோ! பாய்! அண்ணா!" எல்லா மதத்திலும் கத்திப் பார்த்தேன். கம்ப்ரசரின் உறுமலைத் தவிர பதில் இல்லை.

"தொண்டையை மிச்சம் வெய்யி," என்ற மோகனாக்கா கதவருகே குனிந்து நின்றார். "தபரேஸ், இங்க பாரு. குளிர் ரூமுன்னா உள்ளேருந்து திறக்க ஒரு திருகு கைப்பிடி இருக்கணும். ஆளு மாட்டிக்கிட்டா வெளிய வர்றதுக்கு. அது எங்க?"

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது.

"கழட்டிட்டாங்க."

"எப்ப?"

"எப்பன்னு நான் எப்படிக்கா..."

"கதவு பூரா வேர்த்து தண்ணி நிக்குது. கைப்பிடி உக்காந்திருந்த இந்த வட்டம் மட்டும் காஞ்சிருக்குது. நாம வர்றதுக்கு முன்னாடியே கழட்டியிருந்தா இந்நேரம் இதுவும் நனைஞ்சிருக்கும். நாம உள்ள வந்து செடியைப் பாத்துட்டிருந்தப்பதான் கழட்டியிருக்காங்க. அதுவும் உள்ள நின்னுக்கிட்டு."

உள்ளே இருந்தது மூன்று பேர். நான் கழட்டவில்லை. அக்கா கழட்டவில்லை. நான் மெதுவாகத் திரும்பினேன்.

பூவரசன் ஜெர்க்கின் போட்டிருந்தார். அதற்குள் ஒரு ஸ்வெட்டர். தலையில் குரங்குக் குல்லா, கையில் டீ ஃபிளாஸ்க்.

"அஞ்சு நிமிஷம் காட்டிட்டு அனுப்பப் போறவரு ஃபிளாஸ்க்ல டீயோட வர மாட்டாரு. ஜோடி சேரல சார்," என்றார் மோகனாக்கா. அவர் குரலில் கோபம் இல்லை. "கைப்பிடி எந்தப் பாக்கெட்ல இருக்குது?"

பூவரசனின் கை தானாக வலது பாக்கெட்டுக்குப் போய்விட்டு, திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தது.

"ரெண்டு மணி நேரம்தான் மேடம்! சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு வாங்கறவங்க வர்றாங்க. அதுவரைக்கும் இவங்க வெளிய போய் யார்கிட்டயும் பேசக் கூடாது, உள்ளயே வெச்சிருன்னு முதலாளி சார் போன்ல சொன்னாரு. பக்கத்து டேனரிக்காரங்க அனுப்பின வேவுன்னு சொன்னாரு. நான் கதவைச் சாத்திட்டு கைப்பிடியை எடுத்துட்டேன். உங்களுக்கும் சேர்த்துதான் டீ எடுத்தாந்தேன்."

கடத்தி வைக்கிறவர் டீயோடு வந்தது என் அனுபவத்தில் முதல் தடவை. வேறு நாளாக இருந்தால் குடித்திருப்பேன்.

மோகனாக்கா பையைத் திறந்து அந்தத் தண்டை எடுத்தார். வாடிப்போயிருந்தது. பக்கத்து டிரம்மில் இருந்த ஒரு தண்டோடு சேர்த்துப் பிடித்தார், இடது ஷூவையும் வலது ஷூவையும் பிடிப்பதுபோல.

"இது கோவிந்தம்மா வீட்டு குப்பையில கிடைச்சுது."

"அவங்க... வயிறு சரியில்லன்னு லீவுன்னு..."

"ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கறாங்க. கிட்னி ரெண்டும் போச்சு. இன்னா சாப்பிட்டாங்கன்னு டாக்டருக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் நீ ரெண்டு மணி நேரம் பூட்டி வெச்சிருக்கே."

பூவரசன் ஒரு டிரம்மின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார். ஃபிளாஸ்க் உருண்டு போனது.

"திங்கக்கிழமை பதினோரு செடி தோண்டினேன்," என்றார். "இலையெல்லாம் மூட்டை கட்டி வெளிய வெச்சிருந்தேன். கோவிந்தம்மா பெருக்கிட்டு வந்தாங்க. இன்னா கீரை சார் இதுன்னு கேட்டாங்க. இந்தச் செடி பத்தி யார் கேட்டாலும் வெளிநாட்டுப் புளிச்சகீரைன்னு சொல்லுன்னு முதல் நாள்லேருந்து சாரோட ஆர்டர். நாலு வருஷமா எல்லார்கிட்டயும் அதான் சொல்றேன். அவங்ககிட்டயும் சொன்னேன். ஒரு கட்டு எடுத்துக்கவான்னு கேட்டாங்க. நான் வேர் எடை போட்டுக்கிட்டிருந்தேன். இன்னா கேட்டாங்கன்னு காதுலயே ஏறல. எடுத்துக்கோங்கன்னு... சொல்லிட்டேன் மேடம்."

அவர் அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. விஷம் வைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு வியாபார ரகசியத்துக்குப் போர்த்திய பொய்யை ஒரு ஏழை நம்பிச் சமைத்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. நடந்தது அவ்வளவுதான் என்பதே என்னைக் கொதிக்க வைத்தது.

"அப்புறம் அழலாம். கைப்பிடியை மாட்டு," என்றார் மோகனாக்கா.

பூவரசன் துள்ளி எழுந்து மாட்டினார். திருகினார். உள்ளே கொக்கி விலகுகிற சத்தம் 'க்ளக்' என்று நன்றாகவே கேட்டது. கதவைத் தள்ளினார்.

கதவு அசையவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு நூல் அளவு நகர்ந்து, இரும்போடு இரும்பு மோதி நின்றது.

"வெளிய பட்டை போட்டு பூட்டு போட்டிருக்குது," என்றார் பூவரசன், நம்ப முடியாமல். "அந்தப் பட்டைக்கு சாவி சார்கிட்ட மட்டும்தான் இருக்குது. நான் உள்ள இருக்கேன்னு அவருக்குத் தெரியும் மேடம். என்னை எதுக்கு..."

"உன் வாய்க்கும் சேத்துதான் பூட்டு. நாலு மணிக்கு கையெழுத்து ஆயிடும். அப்புறம் கீரையைக் குடுத்தது யாருன்னு ஊர் கேட்டா, நீதான் இருக்கியே."

எங்களைப் பொறியில் தள்ளியவர் எங்களுக்கு முன்னாலேயே பொறிக்குள் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரல்கள் வெளுத்துவிட்டிருந்தன. மணி இரண்டு இருபத்தைந்து. வேலூரில் அந்தப் பெண்மணிக்கு மிச்சமிருந்த நேரம் நிமிடம் நிமிடமாகக் கழிந்துகொண்டிருந்தது.

மோகனாக்கா கதவை விட்டு நகர்ந்து, சுவரில் எரிந்த எட்டைப் பார்த்தார்.

"பூவரசா, கரண்ட் போய் ரூம் சூடாச்சுன்னா யாருக்குத் தெரியும்?"

"சாருக்கு. பதினஞ்சு டிகிரி தாண்டினா அவரு போன்ல அலாரம் கத்தும். எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவாரு. ஆனா மேடம், ரூமை எப்படி சூடாக்கறது? சுவிட்செல்லாம் வெளியதான்."

"ரூம் எதுக்கு சூடாகணும்? இந்த நம்பரைப் போடற கருவி எங்க இருக்குது?"

பூவரசன் கையை நீட்டினார். கூலிங் ஃபேனுக்குக் கீழே, ஒரு கறுப்பு ஒயரின் நுனியில், பேனா மூடி அளவில் ஒரு உலோகக் குச்சி தொங்கியது.

மோகனாக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

"வேணாங்க்கா."

"அக்குள்ள வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். என் பரம்பரையில் யாரும் கத்தாத மாதிரி கத்தினேன். சிவப்பு எண் ஒன்பது என்றது. பதினொன்று என்றது. அப்போதுதான் அந்தத் திட்டத்தில் இருந்த சின்னக் குறை எனக்குப் புரிந்தது. அறை சூடாகிறது என்று நம்பிய இயந்திரம், முழு வேகத்தில், நேராக என் தலைமேல் குளிர்காற்றை வாரி இறைக்க ஆரம்பித்தது. நான் அதை எவ்வளவு சூடாக்கினேனோ அவ்வளவு அது என்னை உறைய வைத்தது.

"அ... அக்கா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா... என்னைப் பெத்த அம்மிகிட்ட..."

"பதிமூணு. இறுக்கிப் பிடி."

பூவரசன் ஜெர்க்கினைக் கழற்றி என் தோளில் போட்டார். ஸ்வெட்டரையும் கழற்றிப் போட்டார். வெறும் பனியனோடு என் பின்னால் நின்று, ஃபேனுக்கு முதுகைக் காட்டி, காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபத்தில் பாதி அங்கே போய்விட்டது.

பதினாறு. இருபத்திரண்டு. இருபத்தொன்பது.

ஏழாவது நிமிடம் வெளியே இரும்புப் பட்டை விழுகிற சத்தம் கேட்டது. கதவு பிளந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. கூடவே ரஷீத் அஹமதும் பாய்ந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, ஒரு காலில் மட்டும் செருப்பு. ஆபீஸ் இதே கட்டடத்தின் மாடியில்தான். எங்கள் ஆறு போனையும் அவர் அங்கே உட்கார்ந்துதான் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

"செடி! செடிக்கு இன்னா ஆச்சு?"

எங்களை அவர் பார்க்கக்கூட இல்லை. நீல உதட்டோடு நின்ற என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, டிரம்களுக்கு நடுவே ஓடி இலை இலையாகத் தொட்டுப் பார்த்தார்.

"கதவைச் சாத்திடட்டாக்கா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"வேணாம். இவரு பதில் சொல்ல வேண்டியது நெறைய இருக்குது," என்றபடி மோகனாக்கா அதற்குள் வாசலைத் தாண்டி, டவர் கிடைக்கிற இடத்தில் நின்று எண்ணை அழுத்திவிட்டார். ஸ்பீக்கரையும் போட்டார்.

டாக்டர் பாரதி முதல் ரிங்கிலேயே எடுத்தார். மோகனாக்கா மூன்றே வாக்கியத்தில் முடித்தார்: என்ன செடி, எந்தப் பாகம், எப்போது சாப்பிட்டது. அந்தப் பக்கம் டாக்டர் நர்ஸிடம் ஏதேதோ உத்தரவு போடுகிறது கேட்டது.

"எவ்ளோ சாப்பிட்டாங்க?"

"எடுத்துட்டுப் போனது ஒரு கட்டு மேடம், ஒண்ணரை கிலோ இருக்கும்," என்றார் பூவரசன், பனியனோடு வெயிலில் நடுங்கிக்கொண்டே.

"சரி. லேட்டுதான், ஆனா கைவிட்டுப் போகல. இனிமே நாங்க பாத்துக்கறோம்." டாக்டர் உடனே போனை வைக்கவில்லை. "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நினைவு வர்றப்பல்லாம் இன்னா சாப்பிட்டீங்கன்னு கேக்கறேன். 'நான் எடுக்கல, நான் எடுக்கல'ன்னு மட்டும்தான் சொல்றாங்க. பிதற்றறாங்கன்னு நினைச்சிட்டேன்."

பூவரசன் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் புரிந்துவிட்டது. இந்த கேட்டைத் தாண்டி ஒரு துண்டுத் தோலை எடுத்துப் போனாலும் வேலை போய்விடும். போன மாதம் இரண்டு பேரை அப்படி அனுப்பியது ஆம்பூர் முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில், உயிர் போகிற நேரத்திலும், கேட்கிறவர் கேட்டில் சோதனை போடுகிற ஆள் என்றே அந்தம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அவங்க காதுகிட்ட போனை வெய்ங்க மேடம்," என்றார் பூவரசன். ஏதோ உரசுகிற சத்தம். அப்புறம் மூச்சு, இழுத்து இழுத்து. "கோவிந்தம்மா, நான் பூவரசன் பேசறேன். நீங்க எடுக்கல. நான்தான் குடுத்தேன். கேக்குதா? தப்பு என்னுது. நீங்க ஒண்ணும் திருடல."

பின்னால் ரஷீத் அஹமது குளிர் அறையிலிருந்து வெளியே வந்து, எங்களை அப்போதுதான் பார்த்தவர்போல நின்றார்.

"அப்ப வேலை போவாதில்ல சார்?" என்றது போனிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

பூவரசன் ரஷீத் அஹமதைத் திரும்பிப் பார்த்தார். மோகனாக்கா போனை அவர் கையிலிருந்து வாங்கி, ரஷீத் அஹமதின் வாய்க்கு நேராக நீட்டினார்.